தொண்ணூறு என்று பெயர்

போன வாரம் குரோம்பேட்டையில் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "யாரு மேடம், ஷுகர் தொண்ணூறு?" என்றாள். நம் வயதில் வெறும் வயிற்றில் தொண்ணூறு வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கலாம். பக்கத்தில் இருந்த நூற்றெண்பதுகளும் இருநூற்றிருபதுகளும் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். நானோ சட்டென்று எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க மேடம், நானே கொண்டாந்து தரேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அறுபதைத் தாண்டியவர்களே, உங்களுக்கும் உடம்புக்குள் இப்படி ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டு இருக்கும். ஒருவருக்குப் பெல் சத்தம், ஒருவருக்குப் பிரம்பின் நிழல். எனக்கு ஒரு எண். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருஷம் முழுக்க என் பெயரே தொண்ணூறுதான்.

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடம். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மின்சார ரயில் போகும். அது கடக்கும் வரை வாத்தியார் வாயைத் திறந்தபடி நிறுத்தியிருப்பார். கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். எட்டாவது வரை கணக்கில் எண்கள் மட்டும் இருந்தன. ஒன்பதாவதில் அல்ஜீப்ரா என்று தனி வகுப்பு, தனி நோட்டு, நூற்றுக்குத் தனிப் பரீட்சை. நோட்டைப் புரட்டிப் பார்த்த அம்மா, "கணக்கு வாத்தியாருக்கு எண்ணு தீந்துபோச்சா, எழுத்தெல்லாம் கடன் வாங்கியிருக்காரு?" என்று கேட்டாள். சிரித்தேன். அந்த வருஷம் அல்ஜீப்ராவைப் பார்த்து நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அல்ஜீப்ரா சார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை ஓங்காதவர், யாராவது மயங்கி விழுந்தால் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பவர். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை: பிள்ளைகள் எதிர்பார்ப்புக்கு ஏற்ற மாதிரி வளருவார்கள். அதனால் முதல் நாளே ஒரு வேலை கொடுத்தார். நோட்டு அட்டையின் உள்பக்கத்தில், இந்த வருஷம் எத்தனை மார்க் எடுப்பேன் என்று மையால் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். எழுதியதற்குக் குறைந்தால், குறைந்த மார்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும். கூடினால், பழைய எண்ணை அடித்துவிட்டுக் கூடியதை எழுதுவார். அடுத்த பரீட்சைக்கு அதுதான் எதிர்பார்ப்பு. ஏறும், இறங்காது.

அப்பா பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீசில் குமாஸ்தா. நான் நோட்டை நீட்டியபோது ஒரு கால் செருப்பில், இன்னொரு கால் வாசலில். எட்டுப் பத்து வண்டிக்கு நேரமாகிவிட்டது. நோட்டைச் சுவரில் வைத்து அழுத்தி, வடிவாக 90 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

"அப்பா, நான் எவ்ளோ எடுப்பேன்னு எழுதணுமாம்" என்றேன்.

"எதிர்பார்க்கிறது அப்பா வேலை. எடுக்கிறது உன் வேலை" என்று சொல்லிவிட்டு ஓடினார். பழமொழி மாதிரி இருந்ததால் அன்றைக்கு அது எனக்குப் பிடித்துக்கூட இருந்தது.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி. ஏரிப் பாசன நிலம் வைத்திருந்த குடும்பம். அவளுடைய அப்பா அப்போது அந்த நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். நில அளவு டேப்பின் தோல் உறை எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது இவள். அப்பா காதில் பென்சில் செருகுவதுபோல இவளும் ஒரு துண்டுப் பென்சிலைப் பின்னலில் செருகியிருப்பாள். இவள் நோட்டில் 40 என்று இருந்தது.

"இன்னாடி நாப்பது?" என்று வகுப்பே சிரித்தது.

அவள் அசரவில்லை. அவள் அப்பா சொன்னாராம்: "எப்பவும் கொறச்சு எழுது. சொன்னதுக்கு மேல ஓரடி இருந்தா வாங்கினவன் கும்பிடுவான். ஓரடி கொறஞ்சா கோர்ட்டுக்குப் போவான்." இந்தச் சொல்லை நான் இன்றுவரை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு மட்டும் அது உதவவில்லை. என் அட்டையில்தான் மை காய்ந்துவிட்டதே.

சார் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டார். "அறுபத்தஞ்சு, போர்டுக்கு வா." "நாப்பது, ஜன்னல் பக்கம் என்ன பார்வை?" "தொண்ணூறு, நீ சொல்லும்மா." அந்த 'ம்மா' எனக்கு மட்டும். கொடுத்த மரியாதையைத் திருப்பித் தர வழி தெரியாமல் எழுந்து நிற்பேன்.

முதல் பரீட்சையில் நான் நாற்பத்தொன்று. அதுதான் என் சொந்த அளவு. நாற்பத்தொன்பது நிமிஷம் நிற்கவேண்டும், வகுப்போ நாற்பத்தைந்து நிமிஷம். மிச்சம் நாலு நிமிஷத்தைத் தமிழ் வகுப்பில் நின்று முடித்தேன். தமிழம்மா ஏன் நிற்கிறாய் என்று கேட்டதற்கு, "அல்ஜீப்ரா மிச்சம் டீச்சர்" என்றேன். அவர்கூடச் சிரித்தார். அதே பரீட்சையில் ஐம்பது எழுதிய ஒரு பெண் அறுபத்துமூன்று எடுத்தாள். கைதட்டினோம். சார் ஐம்பதை அடித்து அறுபத்துமூன்று எழுதினார். அடுத்த முறை அவள் ஐம்பத்தைந்து எடுத்தாள். எட்டு நிமிஷம் நின்று அழுதாள். வாங்கிய கைதட்டலுக்கு வட்டி கட்டுகிறாள் என்று வகுப்பில் பேசிக்கொண்டோம்.

என் பெஞ்சுக்காரி சரியாக நாற்பது எடுத்தாள். ஒன்று கூட இல்லை, ஒன்று குறையவும் இல்லை. விடையை மட்டும் எழுதினால் போதும் என்கிற சின்னச் சின்னக் கணக்குகள் எல்லாவற்றையும் போட்டு, மார்க்கை விரலில் கூட்டி, நாற்பது வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

அப்போது மேம்பாலம் கிடையாது. கிழக்கே போகிறவர்கள் ரயில்வே கேட்டில் நிற்கவேண்டும். ஒரு வண்டி போய், அடுத்த வண்டி போய், கேட் திறக்க இருபது நிமிஷம்கூட ஆகும். சைக்கிள், மாட்டு வண்டி, பல்லாவரம் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து திரும்பும் ஆட்களின் மேல் ஏறியிருக்கும் நாற்றம், எல்லாவற்றுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேரும். அங்கேதான் அவள் கேட்டாள்.

"இன்னாத்துக்குடி மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு கீற?"

சொன்னேன். அடுத்த பரீட்சைக்கும் நிற்பேன், அதற்கடுத்ததற்கும் நிற்பேன், அப்பா கையெழுத்து அழியாது என்றேன். அவள் பின்னலிலிருந்து பென்சிலை உருவி, என் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாள்.

"இது மனை. எக்ஸ் ஸ்கொயர் இந்தப் பெரிய சதுரம். ஏழு எக்ஸ்ன்றது ரெண்டு பக்கமும் ஒட்டிக்கினு வர்ற பட்டை. மூலையில ஒரு துண்டு நிக்குது பாரு, அது பன்னெண்டு. ஏழ ரெண்டாப் பிரிக்கணும், பிரிச்சத பெருக்குனா மூலைத் துண்டு வரணும். மூணு, நாலு. அப்போ கிழமேல் எக்ஸும் மூணும், தென்வடல் எக்ஸும் நாலும். அவ்ளோதான்."

"கழித்தல் வந்தா?"

"ரோட்டுக்கு வுட்ட எடம்."

சார் ஒரு பலகை நிறையப் போடும் கணக்கு அது. அவள் கேட் திறப்பதற்குள் போட்டாள். எனக்குப் புரியவில்லை என்பதையும் உடனே கண்டுகொண்டாள். "சரி வுடு. எனக்கு நாப்பது போதும். மிச்சம் சும்மாதான் கீது. நீ எடுத்துக்கோ."

அதன் பிறகு வகுப்புப் பரீட்சைகளில் அவள் தன் நாற்பதை முடித்துவிட்டு, ரஃப் தாளில் பெரிய கணக்குகளுக்கு மனை போட்டு விடையை எழுதி என் பக்கம் ஒதுக்குவாள். விடை தெரிந்தால் வழியைப் பின்னாலிருந்து எழுதிவிடலாம். சார் போர்டில் எழுதும் வரிகள் எனக்கு உருப்போட்ட தேவாரம் மாதிரி வரும், பொருள்தான் தெரியாது. காலாண்டில் எண்பத்தெட்டு. இரண்டு நிமிஷம் நின்றேன். அரையாண்டில் தொண்ணூறு. அப்பா ஆபீசுக்கு லட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு மாதம் நின்றது. நின்றது என்றால் நான்தான் அதன்மேல் நின்றேன். புலி வாலைப் பிடித்தவள் கதை. இரவு சாப்பிடும்போது அப்பா, "நம்ம தொண்ணூறுக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் போடு" என்பார்.

அரையாண்டு முடிந்து பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எப்படிப் படித்தாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "தினமும் போட்டுப் பார்ப்பேன் சார்" என்றேன். என் பெஞ்சுக்காரியின் அப்பா முன்வரிசையில் இருந்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. வெளியே வந்ததும் மெதுவாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கொறச்சு எழுதுன்னுதான் சொன்னேன். ஆனா மேல ஓரடிகூட வரலியேம்மா. நாப்பதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் பஸ்ல வந்துகினு போயினு? இந்த வருசத்தோட நிறுத்திக்கலாம்."

அன்று கேட்டில் அவள் அப்பா முன்னால் தள்ளி நின்றார். ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தபோது சொன்னாள்: "முழுப் பரீட்சையில அல்லாத்தையும் எழுதப் போறேன். அப்பாக்குக் காட்டணும். நான் படிக்கணும்டீ." பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னா பண்ணுவே?" என்றாள். அவள் படிப்பு போகப்போகிறது, கவலை எனக்காக. சாரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று நான் அப்போது சொல்லியிருக்கவேண்டும். "பாத்துக்கிறேன்" என்றேன்.

முழுப் பரீட்சையில் ஒன்பதாவதையும் ஏழாவதையும் கலந்து உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் ஒரு ஏழாவது குழந்தை, பேனா கசிந்து கையெல்லாம் நீலம். கேள்வித்தாளைப் பார்த்தேன். ரயில் போனது. இன்னொரு ரயில் போனது. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். அதற்குள் எதை வைப்பது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றுதான் நினைவு இருக்கிறது. நாற்பத்தொன்று எடுக்கும் அளவுக்கு ஏதோ எழுதியும் இருக்கிறேன்.

லீவில் ஒரு நாள், சார் எங்கள் இரண்டு பேரையும் அப்பாக்களோடு வரச் சொன்னார். காலி வகுப்பறை, பெஞ்சு மேல் தூசி. மேசையில் இரண்டு தாள்கள்.

முதலில் என் தாளை எடுத்தார். முகத்தில் கோபமே இல்லை. "யானைக்கும் அடி சறுக்கும். என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

நான் வாயைத் திறக்குமுன், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா, "ஆமா சார். காய்ச்சல்" என்றார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அப்பாவுக்கும் தெரியும். ஆனால் சொன்ன அந்த நொடியே அவர் அதை நம்பிவிட்டார்; அவர் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்தேன். சார் என் காலாண்டு, அரையாண்டு மார்க்கைப் பார்த்து தொண்ணூறே போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

பிறகு அவள் தாள். "விடையை மட்டும் எண்ணினா தொண்ணூத்தாறு வருது. ஒரு கணக்கு விட்டிருக்கே, எழுதினதுல ஒரு தப்பு இல்ல. ஆனா வழியும் ஒண்ணு இல்ல. காக்கா உக்காந்து பனம்பழம் விழலாம். தோப்பே விழுமா? எங்கேருந்து பாத்து எழுதினே?"

"நானேதான் சார் போட்டேன்."

"வா, போர்டுல போடு" என்று அவரே ஒரு கணக்கு எழுதினார். எக்ஸ் ஸ்கொயர், ஒன்பது எக்ஸ், இருபது.

அவள் போனாள். பெரிய சதுரம் போட்டாள், இரண்டு பட்டை ஒட்டினாள், மூலைத் துண்டில் இருபது எழுதினாள். மேலே கிழமேல், பக்கவாட்டில் தென்வடல். எக்ஸும் நாலும், எக்ஸும் ஐந்தும். சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஒரு ரயில் போகும் நேரம்கூட ஆகவில்லை.

"விடை சரி" என்றார் சார். "வழி எங்கே? இது என்ன படம்?"

"மனை சார்."

அவள் அப்பா தொண்டையைச் செருமினார். சார் அவரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தொண்ணூறு, நீ சொல்லும்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. இதுக்குப் பேர் கணக்கா? இல்ல இவ்வளவு நாளும் உன்னைப் பாத்துத்தான் எழுதினாளா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். சார், அவ மனை போட்டுத்தான் கணக்குப் போடுவா. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அறையில் இரண்டு அப்பாக்கள், ஒரு வாத்தியார். மூன்று பெரியவர்களும் நல்லவர்கள், மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். அவள் பார்வையில் கெஞ்சல் இல்லை. சொல்லிவிடுவேன் என்றே நினைத்திருந்தாள் போலிருக்கிறது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்: அப்போ உன் தொண்ணூறு? என் அப்பா அருகில் மூச்சு விடுவது கேட்டது. காலையில் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தார், அந்த வாசனையும் வந்தது.

நான் தரையைப் பார்த்தேன்.

"விடு விடு" என்றார் சார், குரலை இளக்கி. "சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க மனசு வரல. நல்ல பொண்ணு."

அவளை ஃபெயில் ஆக்கவில்லை. அதிலும் அவர் நல்லவர். அட்டையில் இருந்த நாற்பதையே மார்க்காகப் போட்டு, பாஸ் என்று எழுதினார். அவள் எடுத்த தொண்ணூற்றாறையும் யாரும் நம்பவில்லை, நான் எடுத்த நாற்பத்தொன்றையும் நம்பவில்லை. இரண்டு பேருக்கும் ஜூன் மாதம் மையில் எழுதியதே கிடைத்தது.

அவள் அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். போர்டை இன்னொரு முறை பார்த்தார். தன் மனைக் கோடுகளை அவரே அடையாளம் கண்டார். ஒரு நொடி அவர் முகம் மலர்ந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். அதன் பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது.

"மனை போடுறதுக்கு எதுக்கும்மா பள்ளிக்கூடம்? அதான் வூட்லயே போடுறியே. வா."

அவள் டஸ்டரை எடுத்து, கட்டத்தை மூலை மூலையாகத் துடைத்தாள். போகும்போது என் பக்கத்தில் நின்றாள். புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மாக்கள் பார்ப்பார்களே, அப்படி.

"சுடலியேடீ" என்றாள்.

அவ்வளவுதான். அப்பா பின்னால் போய்விட்டாள். நான் பத்தாவதில் தனியாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன், அரசுப் பரீட்சையில் கணக்கில் ஃபெயிலானேன், அதோடு நின்றேன். அதற்கும் வீட்டில் காரணம் கண்டுபிடித்தார்கள். பிறகு நான் படித்ததெல்லாம் மளிகை மடித்து வந்த தாள்களிலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வாயிலும்தான். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அவர்கள் நிலம் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். தெருக்கள் எல்லாம் நேர்கோடு. யாரோ நன்றாகப் பிரித்திருக்கிறார்கள்.

இப்போது ஊரப்பாக்கத்தில் மகளோடு இருக்கிறேன். அவள் சாயந்திரம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அவளை அந்த அளவுக்குப் படிக்க வைக்க நான் சொன்ன மந்திரம் என்ன தெரியுமா? "உங்கம்மா ஒன்பதாவதில் தொண்ணூறு." அப்பா என் அட்டையில் எழுதியதை நான் அவள் தலையில் எழுதினேன். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் நிற்கவும் வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு ஒன்பதாவது பெண் அல்ஜீப்ரா புரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மகள் வேறு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்ததால், அந்தப் பெண் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினாள். பார்த்தேன். பெரிய சதுரம் நீலத்தில், இரண்டு பட்டை பச்சையில், மூலைத் துண்டு மஞ்சளில். அச்சடித்து, கலர் போட்டு, பாடமாகவே வைத்திருக்கிறார்கள். வழி என்று போட்டிருக்கிறது.

"இது மனைடா கண்ணு" என்று தொடங்கினேன். கிழமேல், தென்வடல், ரோட்டுக்கு விட்டது, எல்லாம் சொன்னேன். அன்று புரியாத கட்டம் கலரில் பார்த்ததும் புரிந்தது; நாற்பது வருஷத்துக்கு மேலாக உள்ளேயே கிடந்தும் ஒரு கோடு அழியவில்லை. அவள் இரண்டு கணக்கு தானாகவே போட்டாள்.

"சூப்பர் ஆண்ட்டி. மிஸ் சொன்னாங்க, நீங்க மேத்ஸ்ல தொண்ணூறாமே?"

"நாப்பத்தொண்ணு" என்றேன்.

மகளின் கையில் சிவப்புப் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சும்மா சொல்றீங்க" என்றது அந்தப் பெண். "அப்புறம் இது எப்படித் தெரியும்?"

"என் பெஞ்சுல ஒருத்தி இருந்தா" என்றேன், மகளைப் பார்த்துக்கொண்டே. "அவ மனை போட்டுத்தான் கணக்குப் போடுவா."